நான் குசுகுசுத்த கதை

தாழ்வுபாடு,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தங்கச்சி அன்ரோனெற்றுக்கு,

அண்ணன் அமிர்தநாயகம் எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் நாங்கள் சுகம். பேசாலையில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவது ஏனென்று கேட்பாய். நான் கதைத்தால் போனே தேவையில்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ பேசித் தந்த சம்பந்தம் அந்தரத்தில் தொங்குகிறது. வருகிற ஞாயிறு எங்கள் மகள் பிறின்சிக்கும் மாப்பிள்ளை டிலோஜனுக்கும் கோயிலில் கலியாண அறிவித்தல், முதலாம் ஓலை, வாசிக்க வேண்டும். அதற்கு முன் நான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்று உன் மச்சாள் ஒற்றைக் காலில் நின்றா. பாவத்தைப் பங்குச் சுவாமியின் காதுக்குள் குசுகுசென்று சொல்ல மூன்று நாள் பழக்கினா. நாற்பது வருசம் வள்ளத்தில் இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று கத்தினவனுக்குக் குசுகுசு எங்கே தெரியும்? மீனவர் சங்கத்தில் தலைவர் தெரிவுக்கு முதல்நாள் மூலையில் நின்று கதைப்பார்களே, அது குசுகுசு. பிறின்சி டிலோஜனோடு போனில் கதைப்பது அதைவிடச் சுத்தமான குசுகுசு, மடியில் கிடக்கிற பூனைக்கும் கேட்காது. நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்து பழகினால், பக்கத்து வீட்டுப் பேதுரு வேலிக்கு அங்கால் நின்று கேட்குது அண்ணை என்கிறான்.

சனிக்கிழமை போனேன். முழந்தாளில் நின்று, தொண்டையை முடிந்த மட்டும் அடக்கிச் சொன்னேன்: "சுவாமி, மாப்பிள்ளையின்ர தாய் பலகாரமெண்டு கொண்டுவந்த தொதலை நல்ல ருசியெண்டு புளுகினனான். பிறகு ரோட்டில நிண்ட கழுதைக்குப் போட்டனான். அது மணந்து பாத்திட்டு அங்கால போயிட்டுது." சுவாமி இருமினார். விளங்கவில்லையாக்கும் என்று முதலிலிருந்து இன்னொரு தரம் சொன்னேன். வெளியே வந்தால் வாங்கில் இருந்த பதினைந்து பேரும் நிலத்தைப் பார்க்கிறார்கள். முன் வாங்கில் டிலோஜனின் தாய் பிரான்சிஸ்கா அக்கா, ஓலைக்குப் பெயர் கொடுக்க வந்தவ. முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடினா. அன்றிலிருந்து ஒரு கதையுமில்லை. பிறின்சியும் என்னோடு கதைக்கிறாளில்லை, கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம்தான் கதை. எனக்கு ஒரே ஒரு பிள்ளை, தங்கச்சி. அவள் கண்ணீரைப் பார்க்க ஏலாமல் கிடக்கு. கடிதம் கிடைச்ச உடனே நீ பிரான்சிஸ்கா அக்காவிட்டப் போய், அண்ணன் விசரன், வாய்தான் பெரிசு, மனம் வெள்ளையெண்டு காதுக்குள்ள குசுகுசெண்டு சொல்லு. தொதல் கதையை மட்டும் எடுக்காதை. அதால வள்ளத்து ஓட்டையை அடைக்கலாம். கிண்டின மனுசிக்கு நாக்கே இல்லைப் போல.

உனக்கும் பிள்ளைகளுக்கும் மடு மாதா துணையிருக்கட்டும். மச்சாளும் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னா.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்
அமிர்தநாயகம்

பின்குறிப்பு: உறையில் போட முன் ஒருக்கால் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். வாசல் படலையில் பிரான்சிஸ்கா அக்கா நின்று முழுவதும் கேட்டிருக்கிறா. கோயிலுக்குள் சிரிக்கக்கூடாதென்றுதான் அன்று ஓடினவவாம். பிறகு கலியாணம் சொல்ல அடம்பனுக்குப் போய் மூன்று நாள் நின்றிட்டாவாம். ஞாயிறு ஓலை வாசிக்கிறது நிச்சயம். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, "தொதல் நான் கிண்டினதில்லை, உங்கட தங்கச்சி கிண்டித் தந்துவிட்டது. எங்கட வீட்டிலயும் ஒருத்தரும் தொடேல்லை" எண்டா. இப்ப உனக்குப் போன் எடுத்து எல்லாத்தையும் சொல்லிக்கொண்டு நிக்கிறா, கடிதத்தைக் கிழிச்சும் பிரயோசனமில்லை. ஞாயிறு கட்டாயம் வா, தங்கச்சி. வெறுங்கையோட வா.