அப்பாவின் பீப்பாயும் என் மூக்கும்

மேலகரம்,
5-7-82.

வாசுதேவநல்லூரில் தாத்தா வீட்டில் கோபமாக இருக்கும் அம்மாவுக்கு, மகள் குழல்வாய்மொழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று முதலில் எழுத வேண்டும். சுகமாக இருந்தது பீப்பாய் மட்டும்தான். அங்கே தாத்தாவின் முழங்கால், சினைப்பசு, உன் கோபம் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

நீ பஸ் ஏறிய மறுநாள் காலையில் நான் முதலில் கவனித்தது, அரிசிப் பானைக்குள் உழக்கு இல்லை. தேடிப் போனால் மாட்டுத் தொழுவில், சாராயம் மொண்ட ஈரத்தோடு பீப்பாய்க்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துத்தான் அரிசி அளந்தேன், அப்படியும் சோற்றில் கிஸ்மிஸ் வாசம். எஸ்டேட் பங்களா ஏலத்தில் எடுத்த அந்தப் பீப்பாயில் வெள்ளைக்காரத் துரை இருபது வருஷம் திராட்சை ஒயின் வைத்திருந்தாராம், பலகை குடித்ததை எல்லாம் கடைச் சாராயத்துக்குத் திருப்பிக் கொடுக்குமாம், தை மாசம் ஊற்றினால் ஆனியில் துரை குடித்த சரக்காகவே ஆகிவிடுமாம். இதை அப்பா உன்னிடம் நூறு தடவை சொன்னார்கள். நூற்றோராவது தடவையில் நீ, "அதுக்குள்ள ஒரு சொட்டு கெடக்குத வரைக்கும் இந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்று பெட்டியைத் தூக்கினாய்.

ஆனால் அம்மா, பலகை திருப்பிக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை. பொடி போட்டுப் போட்டு அப்பாவுக்கு மூக்கு செத்து முப்பது வருஷம் ஆச்சு. கூட்டாளி, சோடாக் கம்பெனி மந்திரமூர்த்தி அண்ணாச்சிக்குப் புகையிலையில் நாக்கு மரத்துப் போச்சு. ரெண்டு பேரும் காலை பத்து மணிக்கே ஆளுக்கொரு மடக்கு குடிச்சிட்டு, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காங்க.

"என்னவே தெரியுது?"

"எரியுது."

"எரியுதது எனக்கும் எரியுதுல்லா. திராட்சை தெரியுதா?"

"நீரு சொன்னா தெரியுதுன்னு வச்சுக்கிடுதேன்."

அப்புறம், "ஏட்டி மொழி, இங்கன வா" என்று கூப்பிட்டார்கள். வாயில் வைக்க மாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் நின்றே சொன்னேன். "வாயில யாரு வைக்கச் சொன்னா? மோந்து மட்டும் சொல்லுட்டி." மோந்தேன். திராட்சை என்றேன். "பொறவு?" மழையில் நனைந்த பலகை என்றேன். ரெண்டு பேரும் மறுபடி ஒரு மடக்கு குடித்துவிட்டு, "ஆமால்லா! பலகை!" என்று துள்ளினார்கள். அப்பா என் பழைய பூகோள நோட்டில் தேதி போட்டு, "திராட்சை, நனைந்த பலகை. மகள் சொன்னது" என்று எழுதினார்கள்.

அதிலிருந்து பிடித்தது சனியன். உலை கொதிக்கும்போது கூப்பிடுவார்கள். குழம்பு கூட்டும்போது கூப்பிடுவார்கள். ரெண்டு நாள் சோறு தீய்ந்தது. மூணாம் நாள் எரிச்சலில், "புதுச் செருப்பு" என்று சொல்லிவிட்டு வந்தேன். குடித்துப் பார்த்து அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "செருப்புதான்வே! வாருகூடத் தெரியுதுல்லா!" நான் எதைச் சொன்னாலும் அவர்களுக்கு அது தெரிந்தது அம்மா. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் நான் எழுந்து சொல்ல மாட்டேன் என்றுதானே எட்டாவதோடு நிறுத்தினீர்கள்? இந்த வீட்டில் உப்பு போதுமா என்றுகூட என்னை யாரும் கேட்டதில்லை. இப்போது அப்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறார்கள்.

அதனால் நேற்று, "எலி செத்த நாத்தம் அடிக்கு" என்று சொன்னேன். வாயில் ஒரு மடக்கோடு இருந்த அண்ணாச்சி முருங்கை மரத்துக்கு ஓடினார். அப்பா கண்ணை மூடி நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, "ஆமா, அடிக்கு" என்றார்கள். ரெண்டு பேருமாகப் பீப்பாயைக் கவிழ்த்துத் தென்னை மரத்தடியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். எலி ஏது? நான் சொன்னது பொய். அப்பா இன்னும் தொழுவில் தேடிக்கொண்டிருக்கிறார்கள், சொல்லிவிடாதே.

இப்போது பீப்பாயில் ஒரு சொட்டு கிடையாது. நீ வந்துவிடு. அப்பா வாயால் கூப்பிட மாட்டார்கள், ஆனால் பஸ் ஹாரன் கேட்டால் தெருவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுச் சும்மா வந்த மாதிரி வருகிறார்கள். தீய்ந்த சோற்றை இனி என்னாலும் தின்ன முடியாது. தாத்தாவுக்கு என் நமஸ்காரம். பசுவை என் பேர் சொல்லித் தடவிக் கொடுக்கவும்.

உனக்கும் சேர்த்து உலை வைக்கும்
மொழி

பி.கு.: இன்லண்ட் லெட்டரை ஒட்டப் போகும்போது அப்பா வந்தார்கள். காலியாகக் கிடந்தால் பீப்பாய் காய்ந்து பலகை விட்டுப்போகுமாம், இன்றைக்கே எதையாவது ஊற்றி நிரப்ப வேண்டுமாம். "தண்ணி ஊத்தவா, பழையபடி சாராயமே ஊத்தவா? நீ சொல்லுதபடி செய்யுதேன்" என்று நோட்டைத் திறந்துகொண்டு நின்றார்கள். நான் போய்க் குனிந்து மோந்து பார்த்தேன். நனைந்த பலகை, கிஸ்மிஸ், கடைசியில் கொஞ்சம் பலாச்சுளை. பலாச்சுளை இதற்கு முன்னால் வந்ததே இல்லை அம்மா. தண்ணீர் ஊற்றினால் அது போய்விடும். "தண்ணி வேண்டாம்" என்றேன். அரிசிப் பானையைத் திறந்து, உழக்கை நானே எடுத்துக் கொடுத்தேன்.