வேலிப் பொட்டால் போன கரி

“அப்ப கரி கள்ளனோ மாமா?”

பக்கத்து வீட்டுத் தேனுகா ஒருநாள் இப்படிக் கேட்டபோது யோகநாதன் வாய்விட்டுச் சிரித்தார். முன்பள்ளிக் கிணற்றில் ஈயம் கூடிவிட்டதென்று கிணற்றை மூடியிருந்த நேரம் அது. உமியைக் காற்றுப் படாமல் மூடிச் சுட்டு, அந்தக் கரியைப் பீப்பாவில் நிரப்பித் தண்ணீரை வடிக்கும் வேலையில் அவர் இறங்கியிருந்தார்.

“கரியின்ரை உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, பிள்ளை. ஈயத்தை இழுத்து அதுக்குள்ளை ஒளிச்சு வைச்சிடும்” என்று அவர் விளக்கியதற்குத்தான் அந்தக் கேள்வி.

“ஓம், நல்ல கள்ளன்!” என்றார் யோகநாதன்.

இப்போது வேலை முடிகிற கட்டம். நாளைக் காலை ஆய்வுகூடத்திலிருந்து, வடித்த தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க வருகிறார்கள். தேறினால் கிணறு திறக்கும். இல்லையென்றால் மண் போட்டு மூடிவிடுவார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தல் சுமக்க வேண்டியதுதான்.

யோகநாதன் பாவித்த பழைய கரியை அகற்றிச் சீமெந்துத் தொட்டிக்குள் மூடிவிட்டு, புதுக்கரிச் சாக்கை அவிழ்த்தார். பாதிதான் இருந்தது.

“கமலாசனி! சாக்கை ஆர் தொட்டது?”

“நான் தொட்டால் கை கறுத்திருக்காதோ?” மனைவி குசினிக்குள்ளிருந்து கையை நீட்டிக் காட்டினாள்.

அவசரமாக உமியைச் சுட்டார். பொறுமையில்லாமல் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் காற்றுப் புகுந்து, கரி வெள்ளைச் சாம்பலாகிப் போயிற்று.

“திருநீறு நல்லா வந்திருக்கு” என்றாள் கமலாசனி.

தேநீர்க்கடைக்கு ஓடிச் சிரட்டைக்கரி வாங்கிவந்து உரலில் இடித்தார். மிஞ்சியிருந்த பாதிச் சாக்குக் கரியோடு கலந்து பீப்பாவில் நிரப்பினார். வடிந்த தண்ணீரில் ஒரு வாய் குடித்தவர் துள்ளி எழும்பினார்.

“ஐயோ, உறைக்குது!”

“உந்த உரலிலைதானே காலமை மிளகாய் இடிச்சனான்! ஒரு வார்த்தை கேட்டிட்டு இடிக்கக் கூடாதோ?”

இருந்த நல்ல கரியும் போயிற்று.

இனி ஊரிலே ஒரே இடம்தான். தேனுகாவின் தாய் அமராவதி பின்விறாந்தையில் பெரிய பானை நிறைய உமிக்கரி வைத்திருந்தாள். அதால் விளக்கிய அவள் பல்லின் மினுக்கம் மல்லாவிச் சந்தை வரைக்கும் பிரசித்தம். ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? பெற்றோர் கூட்டத்தில் அவள்தானே எழும்பி நின்று, “உமிக்கரி பல்லு விளக்கத்தான் சரி. அதாலை தண்ணி வடிக்கிறாராம், எங்கடை விஞ்ஞானி!” என்று எல்லோரையும் சிரிக்க வைத்தவள்.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, யோகநாதன் வேலிப் பொட்டால், அந்த ஓட்டைக்குள்ளால் குனிந்து, வாளியோடு நுழைந்தார்.

“பிள்ளையாரப்பா, கடனாத்தான் எடுக்கிறன்” என்று பானையை அடிவரை வழித்தெடுத்தார்.

அன்று மாலை பீப்பாவிலிருந்து தண்ணீர் பளிங்காக வடிந்தது.

மறுநாள் வந்து எடுத்துப்போன தண்ணீருக்கு அடுத்த கிழமை முடிவு வந்தது. ஈயம் அளவுக்குள் இறங்கிவிட்டது! கிணறு திறந்த அன்று பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு குடித்தார்கள். தாய்மார் கண்ணைத் துடைத்தார்கள். அமராவதியும் ஒரு குவளை வாங்கிக் குடித்தாள்.

“எங்கடை வயல் உமி, எங்கடை ஊர்க் கரி! லேசுப்பட்டதோ?” என்றாள், தானே சுட்டதுபோல.

யோகநாதனுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் உள்ளே ஒரு முள். ஒரு கோழிமுட்டை காணாமல் போனாலே ஊரைக் கூட்டுகிற அமராவதி, பானைக் கரி போனதைப் பற்றி மூச்சும் விடவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஊரெல்லாம் கோயிலில் நின்றது. இந்தமுறை பொறுமையாகச் சுட்ட கரியைச் சுமந்துகொண்டு அவர் மறுபடி வேலிப் பொட்டால் போனார். பானையை வாய்வரைக்கும் நிரப்பினார். ஒருவரும் காணவில்லை. கோயில் மணி மட்டும் கேட்டது. அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டார்.

காலையில் பார்த்தால், அவருடைய வெறுஞ்சாக்கு நிரம்பிப்போய் வாசலில் நிற்கிறது!

“இதென்ன அதிசயம், கமலாசனி?”

“அமராவதி அக்கா விடியவே அழுதுகொண்டு வந்தவா. தன்ரை வெறும்பானையைப் பிள்ளையார் நிரப்பி வைச்சிட்டாராம். இனியும் மறைச்சால் பாவமாம். இவ்வளவு நாளும் அந்தப் பானையை நிரப்பினது எங்கடை சாக்குத்தானாம்!”