மாப்பிள்ளை ஊர் திரும்பாததற்கு என் குதிரைப்படைதான் காரணம்

புதியம்புத்தூர்,
டிசம்பர் 28.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய சம்பந்தி எபநேசர் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு,

புதியம்புத்தூர் ஜேம்ஸ்ராஜ் பணிவோடு எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும், வீட்டுக்காரி ஜெயஷீலாவும், தையல் மிஷின்களும், உங்கள் மகனும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தி அம்மாவும், அவர்களுடைய முழங்காலும் சேர்த்து, சுகமாயிருக்க வேண்டுகிறோம். இதில் உங்கள் மகனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தலைக் கிறிஸ்துமஸுக்கு வந்த மாப்பிள்ளை இருபத்தாறாம் தேதி சாயங்காலமே நாகர்கோவில் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நேற்று சம்பந்தி அம்மா ஃபோன் பண்ணி, "ரிஜோ அங்கன சுகமாத்தான் இருக்கானா?" என்று கேட்டார்கள். கல்யாணமான வருஷத்திலேயே பையனைப் பெண் வீட்டில் வளைத்துப்போட்டுக்கொண்டார்களோ என்று ஒரு தாய் நினைப்பது நியாயம்தான். விளக்கமாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இன்னும் யுத்தம் முடியல, மதினி" என்றுதான் வந்தது. அதோடு ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. ஆகையால் எழுத்தில் சொல்லிவிடுகிறேன். நாளைக்குக் காலை நம்ம சரக்கு வண்டி நாகர்கோவில் வருகிறது, டிரைவர் விஜயராஜ் இதை உங்கள் கையிலேயே சேர்ப்பான்.

எல்லாம் மறுவீட்டு விருந்தன்றைக்கு ஆரம்பித்தது அண்ணாச்சி. உங்கள் மகன் எங்கள் ஹாலில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையைப் பற்றிக் கேட்டேன், "ம்" என்றார். சாப்பாடு எப்படி என்றேன், "போதும்" என்றார். பெங்களூரு எப்படி என்றேன், "குளிரும்" என்றார். அவர் தங்கமான பிள்ளை, கோளாறு எனக்குத்தான். பேச்சு வளர்க்கத் தெரியாமல், "மாப்பிள்ளைக்குப் பொழுதுபோக்கு என்ன?" என்று பத்திரிகைக்காரன் மாதிரிக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்து, "மினியேச்சர் வார்கேமிங்" என்றார். நான் எட்டாவது வரை படித்தவன், ஒன்பதாவதில் உட்கார்ந்திருந்தவன். புரியாத இங்கிலீஷுக்குச் சிரித்துத் தலையாட்டுவது என் தொழில் பழக்கம். பம்பாய்த் துணி ஏஜெண்டுகளிடம் அப்படித்தான் காலம் தள்ளினேன். அதே வாக்கில், "ரொம்ப நல்லது, நானும் ஆடுவேம்லா" என்று சொல்லிவிட்டேன். உங்கள் மகன் ஃபேனை விட்டுவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "நீங்களா? எந்த ஆர்மி வச்சிருக்கீங்க?" என்றார். "எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. கிறிஸ்துமஸுக்கு வாங்க, காட்டுதேன்" என்றேன். ஒரே பிள்ளையைக் கட்டிக்கொடுத்தவன் அண்ணாச்சி நான். மாப்பிள்ளை நம்ம வீட்டில் ஒட்டாமலே போய்விட்டால் மகளும் வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளியாக வந்து போவாள். அந்த ஒரு பார்வையைக் காப்பாற்ற எனக்கு ஒரு ராணுவம் தேவைப்பட்டது.

எங்கள் நைட்டிகளை இன்டர்நெட்டில் விற்றுக்கொடுக்கிற சத்யபிரியாதான் அது என்ன வியாதி என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அந்தக்காலத்து ராஜா, வில்லாளி, குதிரைக்காரன், கூட அரக்கன், பூதம் எல்லாரையும் விரல் நகம் அளவுக்கு ஈயத்தில் வார்த்து விற்கிறார்களாம். நமக்கு வேண்டிய படையை நாமே தேர்ந்தெடுத்து வாங்கி, நாமே பெயின்ட் அடித்து, மேஜைமேல் அணிவகுத்து, பகடை உருட்டி, அங்குலக் கணக்கில் நகர்த்திச் சண்டை போட வேண்டுமாம். பொம்மை வருவது இங்கிலாந்திலிருந்து. நானும் ஜெயஷீலாவும் சத்யபிரியாவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். எங்கள் மகள் ஆஸ்லினுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நாங்கள் இவ்வளவு ஃபோட்டோ பார்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பையன் ஃபோட்டோவே போதுமென்று ஆகிவிட்டது.

முதலில் எலும்புக்கூட்டுப் படை. வாளும் கேடயமுமாக நல்ல கம்பீரம். ஜெயஷீலா, "கிறிஸ்துமஸ் வரப்போவுது, எலும்ப வீட்டுக்குள்ள கொண்டாருதீங்களோ? நான் ஒருத்தி உசுரோட இருக்கது கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்தது. அடுத்தது கூரான காதுக்காரர்கள். பார்க்க லட்சணம், கால்வரை அங்கி, துணி மடிந்து விழுகிற ஃபாலும் நன்று. ஆயிரம் வருஷம் உயிரோடு இருப்பார்கள் என்று சத்யபிரியா வாசித்தாள். ஆயிரம் வருஷமும் அதே அங்கியைத்தான் போட்டிருப்பார்கள் போலிருந்தது. ரெடிமேட் தொழிலை நம்பியிருக்கிற ஊரில் அப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பச்சைத்தோல் அரக்கர்களுக்கு இடுப்பில் ஒரு துண்டுத் தோலுக்கு மேல் துணியே கிடையாது, அவர்கள் ஆட்சிக்கு வந்தால் புதியம்புத்தூர் பட்டினி. தாடி வைத்த குள்ளர்களை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் மார்பு நாற்பத்தாறு, உயரம் ஒண்ணாங்கிளாஸ் பையன். அந்த அளவைப் பார்த்ததும் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. கடைசியில் சாதாரண மனுஷ ராஜ்யத்துப் படையையே பிடித்தோம். ஈட்டிக்காரர், வில்லாளி, குதிரைப்படை, எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. இருபது வருஷமாகப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவன் வேறு எதைத் தேர்ந்தெடுப்பான்?

இங்கேதான் நான் சறுக்கினேன். ஒவ்வொரு பொம்மைக்கும் கீழே ஆறு, பத்து, பதினைந்து மில்லிமீட்டர் என்று மூன்று அளவு போட்டிருந்தான். சத்யபிரியா, "எது போட, அண்ணாச்சி?" என்றாள். நம்ம தொழிலில் எந்தக் கடைக்காரனாவது ஒரே சைஸில் சரக்கு எடுப்பானா? சின்னது ஒரு பங்கு, நடு சைஸ் இரண்டு பங்கு, பெரிசு ஒரு பங்கு, அதுதான் ஒரு செட். "செட்டாப் போடு" என்றேன். அவளும் இந்தத் தொழிலில் வளர்ந்தவள், மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டாள். பார்சல் வந்து பிரித்தால் ஒருத்தன் பேன்ட் பட்டன் உயரம், ஒருத்தன் சட்டைப் பட்டன் உயரம், இன்னொருத்தன் சீரகச் சம்பா அரிசி. ஒரே படையில் அப்பா, மகன், பேரன் மூன்று தலைமுறையும் ஈட்டியோடு நிற்கிறது. ஆனால் எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை அண்ணாச்சி. நாட்டில் எல்லாரும் ஒரே உயரமாகவா இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெயின்ட் வேலையைப் பட்டன் துளைக்குக் காஜா அடிக்கிற பெண்களிடம் கொடுத்தேன். அவர்கள் கைக்கு அரிசி சைஸ் ஒரு பொருட்டா? வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை என்று நாங்கள் தைத்துக்கொடுக்கிற பள்ளிக்கூட நிறத்தையே அடித்து, குதிரைகளுக்கு நகப்பாலிஷும் போட்டுவிட்டார்கள். தளபதிக்கு டை உண்டு. காலர் அட்டையை வெட்டி அதில் வரிசை வரிசையாக ஒட்டி, காயட்டும் என்று குதிரைப்படையை வெட்டுத்துணிக் குவியல்மேல் வைத்தோம். மறுநாள் கோவில்பட்டி வேஸ்ட் வியாபாரி பூவனநாதனின் வண்டி வந்து, குவியலைக் குதிரைகளோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. மிஷின் துடைக்க ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகிற துணி அது. அடித்துப்பிடித்துக் கோவில்பட்டி போய் அவர் குடோனில் மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கிளறினேன். பூவனநாதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, "என்ன அண்ணாச்சி தேடுதீங்க, மோதிரமா?" என்று கேட்டார்.

"குதிரை" என்றேன்.

"எத்தன குதிர?" என்றார்.

"ஒரு படை."

"வீட்ல தெரியுமா?" என்றார். பிறகு மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே தேடினார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு எனக்கு மோர் வாங்கி வரச் சொன்னார், மோரில் உப்புக் கூடப் போடச் சொன்னதும் என் காதில் விழுந்தது. குதிரைகள் கிடைத்தன. டை கட்டிய தளபதி மட்டும் கிடைக்கவில்லை. அவருக்குப் பதில் தையல் மிஷினில் நூல் சுற்றுகிற ஒரு பாபினை நிறுத்தியிருக்கிறேன். நல்ல எஃகுப் பாபின், தளபதியாக இருக்கத் தகுதியானது.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து, பிரியாணி முடிந்து, மாப்பிள்ளை மறுபடியும் ஃபேனுக்குக் கீழே வந்துவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை, கம்பெனிப் பக்கம் போவோம்" என்றேன். கம்பெனியில் விடுமுறை, யாருமில்லை. கதவைத் திறந்து லைட்டைப் போட்டதும் உங்கள் மகன் வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கள் கட்டிங் மேஜை உங்களுக்குத் தெரியும், இருபத்துநான்கு அடி நீளம், துணி விரிக்கிற மேஜை. அவர் அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கையால் தடவிக்கொண்டே நடந்து போய், திரும்பி வந்து, "இது முழுசும் நமக்கா?" என்றார். அப்புறம் பேச ஆரம்பித்தவர்தான் அண்ணாச்சி. பெங்களூரில் சாப்பாட்டு மேஜையில் ஆடுகிற கஷ்டம், பகடை சோபாவுக்கு அடியில் போவது, மலை வேண்டும், ஆறு வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். வெளியே ஓடி, உழுத கரிசலிலிருந்து காய்ந்த மண்கட்டிகளை அள்ளிவந்து அங்கங்கே வைத்தோம். மலையென்றால் அப்படியொரு மலை, வெடிப்பும் விரிசலுமாக. பிறகு மாப்பிள்ளை தன் பெட்டியைத் திறந்து, பெயின்ட் வாசம் அடிக்கிற பச்சை அரக்கர் படையையும் இறக்கை வைத்த ஒரு வலுசர்ப்பத்தையும் எடுத்து வைத்தார். குடும்ப ஜெபத்துக்கு முன்னால் ஜெயஷீலா வந்து அந்தச் சர்ப்பத்தின்மேல் ஒரு கர்ச்சீப்பைப் போட்டு மூடிவிட்டுப் போகிறாள், மற்றபடி வீட்டில் சமாதானம்.

அவருடைய படை முழுக்க ஒரே சைஸ். என்னுடையதை நான் அடுக்க அடுக்க அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். என் தப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது, காது சுட்டது. அவரோ குனிந்து, அரிசி சைஸ்காரர்களைப் பார்த்து, "இவங்க ரொம்பத் தூரத்துல நிக்கிறாங்க, அதான் சின்னதாத் தெரியுது" என்றார். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறீர்களே, உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆட்டம் நடந்தது. குதிரைப்படைக்கு ஒரு நகர்வுக்கு எட்டு அங்குலம். கழுத்தில் எப்போதும் கிடக்கிற டேப்பை எடுத்து அளந்து நகர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் என் குதிரைகள் அவருடைய வில்லாளிகள் மடியில் போய் நின்றன. அவர் என் டேப்பையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் பொறுக்க முடியாமல் மேஜையைத் தட்டி, "மாமா, இது கள்ளாட்டம். எட்டுன்னா எட்டுதான். நீங்க ஒவ்வொரு தடவையும் எட்டரை போறீங்க" என்றார்.

நான் டேப்பைப் பார்த்தேன். உண்மைதான்.

"அரை அங்குலம் தையலுக்கு விட்டது, மாப்பிள்ளை" என்றேன். "கைப்பழக்கம்."

சிரித்தார் பாருங்கள் அண்ணாச்சி, மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். பாபின் உருண்டு விழுந்தது. கல்யாணமாகி இத்தனை மாதத்தில் என்னை "மாமா" என்று கூப்பிட்டதே அப்போதுதான், அதுவும் திருட்டுப் பட்டத்தோடு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மண்கட்டித் தூசி என்று சொல்லிவைத்தேன்.

அன்றையிலிருந்து சண்டை நிற்கவில்லை. பொங்கல் ஆர்டர் துணியை மேஜையின் பாதியில்தான் விரிக்கிறார்கள், மறுபாதி போர்க்களம். பெற்ற உங்களுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ, இந்த ஆட்டம் மாப்பிள்ளைக்கு உயிர். பஸ் நேரத்தை நான் நினைவுபடுத்தினேன், சத்தியம். "இந்த ஒரு ரவுண்டு மாமா" என்கிறார். இருந்தாலும் பெற்றவர்கள் மனசு எனக்குத் தெரியாதா? முப்பத்தொன்றாம் தேதி காலையில் மகளையும் மாப்பிள்ளையையும் நானே பஸ்ஸில் ஏற்றி, வருஷக் கடைசி ஆராதனைக்கு உங்கள் பக்கத்தில் இருக்கும்படி அனுப்பிவைக்கிறேன். அதோடு என் படையையும் மூட்டை கட்டிவிடுவேன். இது உறுதி. சம்பந்தி அம்மாவிடம் பதமாகச் சொல்லுங்கள். வரும் வருஷமெல்லாம் உங்கள் வீட்டில் சமாதானமும் நல்ல தூக்கமும் நிறைந்திருக்கட்டும்.

உங்கள் அன்புள்ள
ஜேம்ஸ்ராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஆஸ்லின் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யப்பா, அவிய அந்த ஆட்டத்த விட்டே ரெண்டு வருசமாச்சு. போரடிச்சுப்போயி எல்லாத்தையும் வித்துட்டாவ. அன்னைக்கு நீங்க கேட்டதுக்குச் சொல்ல வேற ஒண்ணும் கிடைக்கலையாம். நீங்க ஆடுவேன்னு சொன்னதும், பாவம் மாமா ஊர்ல ஆடுததுக்கு ஆளில்லாம இருக்காவன்னு புதுசா ஒரு படை வாங்கிட்டு வந்திருக்காவ" என்கிறாள். அந்த அரக்கர்கள்மேல் பெயின்ட் வாசம் அடித்ததன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. உங்களுக்கும் இது தெரிந்திருக்கும், மேலே நான் எழுதியதைப் படித்து இந்நேரம் சிரித்து முடித்திருப்பீர்கள். எனக்கும் இந்த ஆட்டம் ஆரம்பத்தில் துளியும் பிடிக்கவில்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஆக, பிடிக்காத ஆட்டத்தை ஒருத்தருக்காக ஒருத்தர் ஆடிக்கொண்டு, காலையில் காப்பி ஆறுவதுகூடத் தெரியாமல் மேஜைக்கு ஓடுகிறோம். இதை அவரிடம் சொல்ல எனக்கு மனசில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். முப்பத்தொன்றாம் தேதி யாரையும் அனுப்புவதாக இல்லை. வருஷக் கடைசி ஆராதனை எங்கள் கோயிலிலும் உண்டு, நீங்களும் மதினியும் இதே வண்டியில் ஏறி வந்துவிடுங்கள். யார் கேட்டாலும், மாமனாரும் மருமகனும் ஆசைப்பட்டு ஆடுகிறார்கள் என்றே சொல்லுங்கள். வரவர அது பொய்யுமில்லை.