ஒருவர் மட்டும் ஏறும் தோணி

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, காபி ஆறுவதற்குள், அனந்தபத்மநாபன் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். உலகத்தில் தான் சொன்ன பக்கம் திரும்பும் பொருள் ஒன்றாவது தனக்கென்று வேண்டும்.

கரமனையில் அவருடைய வீட்டில் அப்படி எதுவும் இல்லை. மின்விசிறி அவர் மனைவி சூடாமணி சொன்ன வேகத்தில் சுற்றியது. ரேடியோ அவள் வைத்த இடத்தில் பாடியது. அவர் ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் அது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

ஆபீசில் கதையே வேறு. முப்பத்துமூன்று வருடம் அவர் எடையளவுத் துறை ஆய்வாளர். சாலைக் கம்போளத்துக் கடைகளில் அவர் முத்திரை குத்தாத தராசு கிடையாது. அவர் முறைத்தால் தராசு முள் நேரே நிற்கும். இப்போது அந்த முள்ளும் போயிற்று.

மிஞ்சியிருந்தது ஓர் ஆசை. கழக்கூட்டத்துக் கடைகளுக்குச் சோதனைக்குப் போகும் நாட்களில், பைபாஸ் பாலத்தின் மேல் பஸ் ஒரு நிமிஷம் ஓடும். கீழே காயலின் விரிந்த தண்ணீர். காயலில் ஒரு வெள்ளைப் பாய். பாயின் கீழே ஒரே ஓர் ஆள். அவன் கையைச் சற்றே அசைப்பான். அவ்வளவு பெரிய பாய் தலையாட்டிவிட்டுத் திரும்பும். அதற்குள் பாலம் முடிந்துவிடும். பாலம் முடிந்த பிறகும் அவர் கழுத்தைப் பின்னால் திருப்பியே உட்கார்ந்திருப்பார். இருபது வருடமாகக் கழுத்துவலி. எத்தனையோ டாக்டர் பார்த்தாயிற்று. காரணம் காயல் என்று ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை.

அந்த ஆள் ஓட்டியது கேட்டமரன். பெயரை நம்முடைய கட்டுமரத்திடமிருந்து வாங்கிக்கொண்டு, கட்டையும் மரத்தையும் வேண்டாம் என்று விட்டுவிட்டவர்கள் செய்தது. இரண்டு மெல்லிய தோணிகள். அவற்றை இணைக்கும் ஒரு வலை. நடுவில் பாய்மரம். காயலோரத்தில் இருந்த பாய்மரக் கிளப்பில் ஞாயிறுதோறும் பந்தயம். பத்மநாபன் நாலு மாதம் சனிக்கிழமைகளில் அங்கே பாடம் படித்தார். பிறகு, எந்தத் தோணியை வாங்குவது என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார்.

முதல் தோணி பதினெட்டடி. பறக்கும். ஆனால் ஓட்டுபவர் இடுப்பில் கம்பி மாட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலே தொங்க வேண்டும். 'வேண்டாம்' என்று எழுதினார்.

இரண்டாவது பதினாறடி. நல்ல தோணி. ஆனால் முன்னால் ஒரு சின்னப் பாய் உண்டு. அதைப் பிடிக்க இன்னொருவரும் ஏறலாம். 'ஆபத்து' என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார்.

மூன்றாவது பதினாலடி. ஒரே பாய். ஒரே ஆள். அடியில் பலகை கிடையாது. ஆகையால் காயலில் மிதக்கும் குளவாழைச் செடி சிக்காது. வேகம் குறைவுதான். ஆனால் கிளப் பந்தயத்தில் மெதுவான தோணிகளுக்கு நேரத்தில் சலுகை உண்டு. கடைசியில் வந்தாலும் கணக்குப் போட்டு முதலில் வரலாம். அரசாங்க உத்தியோகம் பார்த்த மனதுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. அப்படியொரு தோணி கிளப்பிலேயே இருந்தது. துபாய்க்குப் போகும் ஓர் என்ஜினியர் அதைக் கொடுத்துவிடத் தயார்.

பாக்கி ஒன்றுதான். வீட்டில் சொல்ல வேண்டும்.

"சூடா, என் கண்ணாடி எங்கே?" என்று ஆரம்பித்தார். எதையும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

"மூக்கு மேலே. என்ன வேணும்?"

"தோணி வாங்கலாம்னு இருக்கேன்."

"வாங்குங்கோ."

பத்மநாபன் திடுக்கிட்டார். சண்டைக்கென்று தயாரித்து வைத்திருந்த பதினோரு பதில்கள் வீணாகிவிட்டன.

"ஆனா ஒண்ணு. அதுல ஒருத்தருக்குத்தான் இடம். நீ வரமுடியாது."

"ரெண்டாவதா யாரும் ஏறவே படாதா?"

"படாது. புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

"எழுதித் தருவேளா?"

எழுதிக் கொடுத்தார். 'இத்தோணியில் ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே' என்று தேதி போட்டுக் கையெழுத்தும் இட்டார். அவள் அதை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தாள்.

"அந்த ஒருத்தர் எத்தனை கிலோ இருக்கலாம்?"

"அறுபத்தஞ்சுலேருந்து எண்பத்தஞ்சு."

"நீங்க எத்தனை?"

"நான் ஊருக்கு எடை பார்த்தவன், சூடா. என்னை யார் எடை பார்க்கறது?"

"அதுவும் செரிதான்" என்றாள் சூடாமணி.

தோணி கைக்கு வந்தது. கிளப்பில் அதை வைக்க ஒரே ஓர் இடம்தான் காலி. அதற்கு விண்ணப்பம். கூடவே ஒரு சோதனை. கவிழ்ந்த தோணியைத் தனி ஆளாக நிமிர்த்திக் காட்டுகிறவருக்கே இடம். பத்மநாபன் விண்ணப்பத்தைக் கட்டம் கட்டமாக நிரப்பினார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. 'மாற்று ஓட்டுநர் பெயர்.'

"வெறுதே கிடக்கட்டும்" என்றாள் சூடாமணி, கீரை ஆய்ந்துகொண்டே.

"கட்டத்தைக் காலியா விடறதா! நான் எத்தனை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

"அப்போ யார் பேராவது எழுதுங்கோ."

அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். சூடாமணி என்று அழகாக எழுதினார்.

"சோதனைக்கு நாள் பார்க்கணுமே?" என்று அவரே கேட்டார். பஞ்சாங்கத்தைப் புரட்டினாள்.

"துவாதசி காலம்பற ஏழு மணி. இதைவிட்டா நல்ல நாளே கிடையாது."

"முதல் நாள் ஏகாதசியாச்சே?"

"அதனாலதான் சொல்றேன். பத்மநாபசாமி பேரை வெச்சுண்டு தண்ணியில இறங்கறேள். இந்தத் தடவை பச்சைத் தண்ணிகூட வேண்டாம். சுத்த உபவாசம். சோதனை முடிச்சு வந்து பாரணை பண்ணி விரதத்தை முடிச்சுக்கலாம். ஒன்பதரை வரைக்கும் சமயம் இருக்கு."

தன் பொருட்டு மனைவி இத்தனை பக்தியாகப் பேசி அவர் கேட்டதில்லை. நெகிழ்ந்துபோனார். ஏகாதசியன்று எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்கினார்.

துவாதசி காலை அவள் நாராயணீய வகுப்புக்குக் கிளம்பினாள். செவ்வாயும் வெள்ளியும் போவாள். சில நாள் தலை ஈரத்தோடு திரும்புவாள். "அம்பலக் குளமா?" என்று ஒரு தடவை கேட்டார். "ஜலம்தான்" என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

காயல் தகடு மாதிரி கிடந்தது. கிளப் செயலாளர் ஷாஜி அவரை ஒரு மோட்டார் படகில் ஏற்றி, தோணியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கவாட்டில் கவிழ்த்தார்.

"சாரே, இனி சாரு நிமிர்த்தணும். பத்து நிமிஷம் கேட்டோ."

முறை பத்மநாபனுக்கு மனப்பாடம். கீழே கிடக்கும் தோணியின் மேல் ஏறி நிற்க வேண்டும். மேலே நிற்கும் தோணியைச் சுற்றி வரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகு தண்ணீரைத் தொடும் அளவுக்குப் பின்னால் சாய வேண்டும். உடம்பு இறங்க, பாய் எழும்பும். அவர் ஏறினார். பிடித்தார். சாய்ந்தார். பாய் ஒரு சாண் எழும்பியது. அவரைப் பார்த்தது. மறுபடி படுத்துக்கொண்டது.

மூன்று தடவை இப்படி. நாலாம் தடவை வயிறு சத்தம் போட்டது. கரையில் நின்ற நாய் நிமிர்ந்து பார்த்தது.

"சாரே, முறை எல்லாம் கிறுகிறுத்யம், ஒரு தப்பும் இல்லை. ஆனா வெயிட் போரா."

"என்னது போராது?"

"சாரோட வெயிட்."

"இருக்காது. உங்க கணக்குத் தப்பு."

கரைக்கு வந்தார்கள். கிளப்பில் ஒரு மேடைத் தராசு இருந்தது. ஏறி நின்றார். அறுபத்துமூன்றே முக்கால். தராசில் கோளாறு என்று சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்தில் ஈய முத்திரை. முத்திரைச் சீட்டில் போன வருடக் கையெழுத்து. அவருடையதேதான். வாயை மூடிக்கொண்டார்.

"நேத்திக்கு முந்தினநாள் வந்திருந்தா அறுபத்தஞ்சே கால்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கழுத்துவலி டாக்டர் சீட்டுல எழுதியிருந்தது."

திரும்பினார். சுடிதார். அதன் மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. அதற்குள் சூடாமணி.

"நாராயணீயம்?"

"எட்டு மாசமா வகுப்பு ஏழரைக்கு முடியும். மீதி நேரம் இங்கேதான். இன்னிக்கு மட்டும் வகுப்பு இல்லை."

ஷாஜி விண்ணப்பத்தைப் பார்த்தார். "மாற்று ஓட்டுநர், சூடாமணி சேச்சி. வரூ சேச்சி."

அவள் தராசில் ஏறி இறங்கினாள். எழுபத்தொன்பது. போய்க் கவிழ்ந்த தோணியின் மேல் ஏறினாள். கயிற்றைப் பிடித்தாள். ஒரே ஒரு தடவை சாய்ந்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் கொட்ட, வெள்ளைப் பாய் வானத்துக்கு எழுந்தது. பத்மநாபனுக்குத் தன்னையறியாமல் கை தட்டத் தோன்றியது. தட்டியும்விட்டார்.

அவள் ஒரு சுற்று சுற்றி, படித்துறை ஓரமாக வந்து நின்றாள்.

"ஏன் சூடா இப்படிப் பண்ணினே?" குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "இருபது வருஷமா பஸ்லேருந்து பார்த்துண்டே போனேன்."

"தெரியும். கழுத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது." அவள் பாயை நிமிர்ந்து பார்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நான் கரமனை ஆத்தை அக்கரைக்கு நீந்திப் போவேன். அக்கரைப் பாறையில பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். யாரும் கூப்பிட மாட்டா. அந்தப் பத்து நிமிஷத்தை நான் முப்பத்தோரு வருஷமா தேடிண்டிருக்கேன்."

பத்மநாபன் ஒரு படி கீழே இறங்கினார். பிறகு மெல்ல, "நானும் ஓரமா உட்கார்ந்துக்கறேனே?" என்றார்.

"ஒரு சமயத்தில் ஒருவர் மட்டுமே" என்றாள் சூடாமணி. "தேதி போட்டுக் கையெழுத்தும் இருக்கு."

"அப்போ நான்?"

"தினமும் நன்னா சாப்பிடுங்கோ. அறுபத்தஞ்சு ஆனதும் சனிக்கிழமை உங்களுக்கு, ஞாயித்துக்கிழமை எனக்கு." பந்தயம் ஞாயிற்றுக்கிழமைதான் என்பது இருவருக்கும் தெரியும். "இப்போ ஆத்துக்குப் போங்கோ. ஒன்பதரைக்குள்ள பாரணை. அகத்திக்கீரை ஆய்ஞ்சு வெச்சிருக்கேன். நீங்களே வதக்கிக்கோங்கோ. காத்து வரது, நான் போறேன்."

தோணி விலகியது. பத்மநாபன் படித்துறையின் கடைசிப் படிக்கு ஓடினார்.

"சூடா! உப்பு எங்கே இருக்கு?"

வெள்ளைப் பாய் ஒரு முறை தலையாட்டியது. பிறகு, சூடாமணி சொன்ன பக்கம் திரும்பியது.