இடிநாக்கு வாளும் ரூலோஃபின் மணிக்கட்டும்

வானம் இடிந்து விழுந்தாலும் சரி, வடகடல் கரையை உடைத்துக்கொண்டு தன் ஊரான மெப்பலுக்குள் புகுந்தாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இடிநாக்கு வாளை ஒட்டியே தீருவது என்று ரூலோஃப் சபதம் செய்துகொண்டான். சபதம் செய்த இடம் குளியலறை. அந்த வீட்டில் அவன் வாய்விட்டுச் சபதம் செய்யக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

வாள் என்றால் நிஜ வாள் இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற வாள். இதை ரூலோஃப் முன்னால் சொல்லிவிடாதீர்கள், மனுஷன் இரண்டு நாள் சாப்பிட மாட்டான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஓர் அரக்கன் அந்த வாளை ஏழு துண்டாக உடைத்து ராஜ்ஜியம் முழுக்க வீசிவிட்டானாம். வீசியவனுக்கு ஒரு நிமிஷ வேலை. பொறுக்கியவனுக்கு மூன்று வருஷம். முதல் துண்டு சூனியக்காரியின் கிணற்றுக்குள் கிடந்தது. மூன்றாவது துண்டுக்காக ரூலோஃப் ஒரே டிராகனிடம் ஐம்பத்திரண்டு தடவை செத்தான். ஆறாவதை வைத்திருந்த குள்ளன், நாற்பது கூடை காளான் பறித்துக் கொடுத்த பிறகுதான் மனசு இரங்கினான். ஏழாவது துண்டான கைப்பிடி போன வாரம்தான் கிடைத்தது. அன்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆனால் துண்டு கிடைத்தால் மட்டும் போதாது. அவற்றை ஒட்டுகிற எரிமலை உலை வருஷத்துக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் எரியும். நூறு சம்மட்டி அடி, தாளம் பிசகாமல் அடிக்க வேண்டும். மூன்று அடி தப்பினால் ஏழு துண்டும் பழையபடி நாடெங்கும் சிதறிவிடும். மறுபடி சூனியக்காரி, மறுபடி டிராகன், மறுபடி காளான்.

அந்த ஒரு மணி நேரம் வருவது ஞாயிறு மூன்று மணிக்கு. மாமியார் அல்பெர்டீனா அம்மாளின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் விருந்தும் அதே ஞாயிறு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும்தான்.

அந்த ஊரில் பிறந்தநாள் என்றால் சொந்தக்காரர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்வார்கள். பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லித் தப்பித்துவிட முடியாது. 'உங்க அக்காவுக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்', 'உங்க மாமியாருக்குப் பிறந்தநாள், வாழ்த்துகள்' என்று வட்டம் முழுக்கக் கை குலுக்கி வர வேண்டும். அப்புறம் காபி. ஆளுக்கு ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டு கேட்டவரை அந்தக் குடும்பம் இருபது வருஷம் நினைவில் வைத்திருக்கும். ஐந்து மணிக்கு முன்னால் எழுந்தால் கொலைக் குற்றம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூலோஃப் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தான்.

"ஃபெம்கே, சைக்கிளைத் தூக்கினேன் பாரு, மணிக்கட்டு மடங்கிடுச்சு."

அவன் மனைவி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள். "அடடா! ரொம்ப வலியா?"

"உயிர் போகுது. ஒரு காபிக் கோப்பையைக்கூடத் தூக்க முடியாது. ஞாயித்துக்கிழமை நான் வந்து என்ன பண்ணப் போறேன்? அத்தைக்குக் கைகூடக் குலுக்க முடியாது. அவங்க மனசு கஷ்டப்படும். நீ மட்டும் போயிட்டு வா."

"பாவம் நீ. சரி, இந்த ஊறுகாய் பாட்டிலைக் கொஞ்சம் திற."

பதினோரு வருஷக் கல்யாணப் பழக்கம். வாங்கினான், வலது கையால் ஒரு திருகு திருகினான், திறந்து கொடுத்துவிட்டான். ஃபெம்கே பாட்டிலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உள்ளே போய்க் கட்டுப் போடும் பெட்டியை எடுத்து வந்தாள்.

ஃபெம்கே கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறவள். அவள் போடுகிற கட்டு குதிரை உதைத்தாலும் அவிழாது. முதலில் பட்டை, அதன் மேல் பஞ்சு, அதன் மேல் பசைத் துணி என்று விரல் நுனியில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் போய்க்கொண்டே இருந்தாள்.

"விரலெல்லாம் எதுக்கு? மணிக்கட்டுதானே?"

"விரல் ஆடினா மணிக்கட்டு ஆடும். மணிக்கட்டு ஆடினா உனக்கு வலிக்கும். உனக்கு வலிச்சா என்னால தாங்க முடியாது."

ரூலோஃபுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அவள் கிளம்பிப் போனதும் கத்தரிக்கோல் இருக்கிறது, உலை இருக்கிறது, உலகமே இருக்கிறது! அன்று அவன் சீட்டி அடித்துக்கொண்டே இடது கையால் சாப்பிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் ஃபெம்கே தொலைபேசியை வைத்துவிட்டு வந்தாள்.

"அம்மாகிட்டப் பேசினேன். ரொம்ப வருத்தப்பட்டாங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"மாப்பிள்ளை கை ஒடிஞ்சு தனியாக் கிடக்கும்போது எனக்குக் கேக் எப்படி இறங்கும்னு கேக்கறாங்க. அதனால விருந்தை நம்ம வீட்டுக்கே மாத்தியாச்சு."

"நம்ம வீட்டுக்கா!"

"பதினாலு பேர்தான். நீ ஒரு துரும்பையும் அசைக்க வேணாம். நடுவுல சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும்."

ஞாயிறு இரண்டு மணிக்கு வட்டம் கூடியது. ரூலோஃபுக்கு நல்ல நாற்காலி, தலையணை, மடியில் ஒரு கம்பளி. வந்தவர்கள் எல்லோரும் மாமியாருக்காக அவனை வாழ்த்திவிட்டு, கைக்காக அனுதாபமும் சொன்னார்கள். கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் சின்னப் பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் இரண்டு இருபது. இரண்டு நாற்பது. வாயில் வைத்த கேக் மண்ணாக இருந்தது.

இரண்டு ஐம்பதுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து போர்ச் சங்கு முழங்கியது. அலாரம் வைத்ததை அவனே மறந்துபோயிருந்தான். பதினாலு காபிக் கோப்பையும் ஒரே சமயத்தில் குலுங்கின.

"அது என்ன மாப்பிள்ளை?" என்றார் அல்பெர்டீனா அம்மாள்.

ரூலோஃபால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கிணறு, டிராகன், குள்ளன், காளான், உலை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தான். "இன்னும் பத்து நிமிஷம் அத்தை! விட்டா இன்னும் ஒரு வருஷம்!" என்றபோது அவன் குரல் உடைந்தே போயிற்று.

"மூணு வருஷமாவா?" என்றார் ஃபெம்கேயின் சித்தப்பா ஹார்ம். "அப்ப உடனே அடிக்க வேண்டியதுதானே?"

"எப்படி அடிப்பார் சித்தப்பா? கை இருக்கற இருப்பைப் பாருங்க," என்றாள் ஃபெம்கே உருக்கமாக.

ரூலோஃப் கம்ப்யூட்டரிடம் ஓடி, இடது கையால் இரண்டு பயிற்சி அடி அடித்துப் பார்த்தான். ஒன்று பாறையில் விழுந்தது, இன்னொன்று உலைக்குள் போனது. கட்டை அவிழ்த்தால் பதினாலு பேர் முன்னால் பொய்யும் சேர்ந்து அவிழும். விழித்தான். அதற்குள் ஃபெம்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மணி. எரிமலை வாய் திறந்தது. வட்டம் கலைந்து எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் நெருக்கியடித்தார்கள். ஹார்ம் சித்தப்பா சத்தமாக எண்ணினார்.

"முப்பத்தெட்டு! முப்பத்தொன்பது! அய்யோ, ஒண்ணு போச்சு!"

"மெதுவா ஃபெம்கே, மெதுவா!"

"கத்தாதே ரூலோஃப், கை நடுங்குது!"

"அறுபத்தொண்ணு! அறுபத்திரெண்டு! போச்சு, ரெண்டாவதும் போச்சு!"

இன்னும் ஒரு அடி தப்பினால் எல்லாம் காலி. ரூலோஃப் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது அல்பெர்டீனா அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எழுந்திருடி. முப்பத்தஞ்சு வருஷம் சர்ச்சுல ஆர்கன் வாசிச்சவ நான். ஊரே தாளம் தப்பிப் பாடினப்பகூட நான் தப்பினதில்ல."

உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அடித்தார் பாருங்கள், அடி! காலால் தரையில் தாளம் போட்டபடி எழுபது, எண்பது, தொண்ணூறு என்று போய்க்கொண்டே இருந்தார். தொண்ணூற்று ஐந்திலிருந்து வீடு முழுக்கக் கூடவே எண்ணியது. நூறாவது அடியில் திரையெல்லாம் வெள்ளை வெளிச்சம் பாய, இடி இடித்து, ஏழு துண்டும் ஒன்றாகி, நீலத் தீ பறக்க இடிநாக்கு எழுந்து நின்றது!

ஆனந்தத்தில் ரூலோஃப் மாமியாரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். இரண்டு கையாலும்தான். அந்தக் கூச்சலில் ஃபெம்கே தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

திரையில் எழுத்துகள் தோன்றின. ஹார்ம் சித்தப்பா வாசித்தார். "'இந்த வாள் யாருக்கு? பெயரைப் பொறிக்கவும். பொறித்த பெயர் மாறாது. மற்றவர் கை தொடாது.'"

ரூலோஃப் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு பாய்ந்தான்.

"அம்மா!" ஃபெம்கேயின் குரல் கணீரென்று வந்தது. "மாப்பிள்ளை இன்னும் பரிசு கொடுக்கலையேன்னு பார்த்துக்கிட்டு இருந்தீங்கல்ல? இதுதான் பரிசு!"

"அது வந்து, ஃபெம்கே..."

அவள் அவன் காதருகே குனிந்தாள். "கத்தரிக்கோல் கொண்டு வரட்டுமா? எல்லார் முன்னாடியும் கட்டைப் பிரிச்சு வீக்கம் எவ்வளவுன்னு பார்த்துடலாம். ஊறுகாய் பாட்டில் கதையை நான் சொல்றேன்."

ரூலோஃபின் விரல் நடுவானில் நின்றது.

"எனக்கா?" என்றார் அல்பெர்டீனா அம்மாள். "எழுபத்தஞ்சு வருஷமா எல்லாரும் எனக்குச் சோப்பும் துலிப் பூவும்தான் கொடுத்திருக்கீங்க. ஒருத்தர்கூட ஒரு வாள் கொடுத்ததில்ல."

பதினாலு ஜோடிக் கண்கள் ரூலோஃபைப் பார்த்தன.

"உங்களுக்குத்தான் அத்தை," என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. 'அல்பெர்டீனா' என்று ஒவ்வோர் எழுத்தாக அவனே தட்டினான். வாளில் அந்தப் பெயர் தங்கமாக மின்னி, நிலைத்தது. அன்று சரித்திரத்தில் முதல் முறையாக எல்லோருக்கும் இரண்டாவது துண்டு கேக் கிடைத்தது. அவனுக்கு ஃபெம்கே ஊட்டிவிட்டாள்.

ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். அல்பெர்டீனா அம்மாள் வாசலில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையின் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை தவறாம ரெண்டு மணிக்கு வந்துடறேன். அந்த டிராகனை எனக்குக் காட்டு."

"சரிங்க அத்தை."

"ஹார்ம் ஏதோ வாசிச்சான், இதுக்கு ஜோடியா ஒரு கேடயமும் இருக்காமே. ஒன்பது துண்டாமே."

"ஆமாங்க அத்தை."

"அவசரமே இல்ல, மாப்பிள்ளை. என் அடுத்த பிறந்தநாளுக்குள்ள தேடி வெச்சாப் போதும்."