மண்டபத்துக் கழிவறையில் ஒரு முகூர்த்தம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதனால் படித்தவர்கள் காகிதத்தில் கோடு போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று வெகுகாலம் நம்பினேன். அந்த நம்பிக்கை என் கல்யாணத்தன்று, மாலையும் கழுத்துமாக, பெண்கள் கழிவறையில் போனது.

தொழில் கொத்து வேலை. ஊர் செட்டியார்பட்டி, வேலையெல்லாம் ராஜபாளையத்தைச் சுற்றி. கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம் ஒரு மண்டபத்துக்குக் கழிவறை கட்டப் போனேன். வரைபடத்தில் ஆண்கள் பக்கம் வரிசையாக எட்டுச் சிறுநீர்ப் பீங்கான், கைவீசி நடக்க இடம், காற்று, வெளிச்சம். மிச்சம் கிடந்த மாடிப்படிக்கு அடியில் பெண்களுக்கு இரண்டே அறை. கதவு உள்பக்கம் திறக்கும்; திறந்தால் கோப்பையை முட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே போகிறவள் கோப்பைமேல் ஏறி நின்றுதான் கதவைச் சாத்தவே முடியும். ஒரு பையை மாட்டக் கொக்கி கிடையாது.

எனக்கே உறுத்தியது. கேட்கலாமென்று வாயைத் திறந்தேன். "என்னப்பா?" என்றார் இன்ஜினியர். "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டுக் கலவையைக் குழைக்கப் போய்விட்டேன். (நம்ம வாயி சோறு திங்க மட்டுந்தான்.)

பெண் வீட்டார் அதே மண்டபத்தைப் பிடித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்களைக் கூட்டிப்போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினேன். ஆண்கள் பக்கத்துச் சுவரை.

முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கையில் மணப்பெண் செல்வி கூறைப்புடவையோடு உள்ளே போனாள். முந்தின நாளிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடக்கிப் பார்த்தாளாம். மண்டபம் என்றாலே பெண்கள் அப்படித்தானாம். ஆண்களுக்கு எட்டுப் பீங்கான் பதித்த எனக்கு இது அன்றைக்குத்தான் தெரியும்!

ஈரத்தில் ஊறிய கதவு நிலையோடு கவ்விக்கொண்டது. தாழ்ப்பாளும் துரு. தள்ளி உடைத்தால் கதவு அவள்மேல்தான் விழும். மேல்வழியாக ஏறலாமென்றால் தலைக்குமேல் படிக்கட்டு.

என் தாய்மாமா மணவறைக்கு வந்து காதில் சொன்னார். "ஏலே, நீ கட்டுனதுதான? எந்திரிச்சு வா."

எதிரே நாலு பெண்கள் வந்தால் வேறு தெருவில் போகிறவன் நான். அன்றைக்கு மண்டபத்துப் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, வாட்ச்மேனின் சுத்தியலோடு பக்கத்து அறைக்குள் நுழைந்தேன். நடுவில் நாலரை இன்ச் சுவர்தான். கட்டும்போது சிமெண்டைக் குறைக்கச் சொன்ன அந்த இன்ஜினியர் புண்ணியவானை முதல்முறையாக வாழ்த்தினேன்.

அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "எந்தக் கூறுகெட்டவன் இதக் கட்டுனான்?"

மாமா சும்மா இருந்திருக்கலாம். "மாப்பிள்ளதாம்மா கட்டுனாரு" என்றார்.

வெளியே வந்ததும் இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் சொன்னாலும் நியாயம்தான் என்று தோன்றியது. அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தொண்டையைச் செருமினேன்.

"கல்லு விழும். செத்த ஓரமா நில்லு."

"ஓரம் எங்க இருக்கு?"

கொத்தனாரைப் பார்த்து இதைவிட யாரும் கேவலமாகத் திட்டியதில்லை. அடித்துத் தள்ளாமல், சுத்தியலால் பூச்சை மட்டும் கொத்திவிட்டு, கல்லை ஒவ்வொன்றாக என் பக்கமே பெயர்த்து இழுத்தேன். தலையெல்லாம் செங்கல் தூசியோடு அவள் ஓட்டை வழியாகக் குனிந்து வந்தாள். முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. கை கழுவ நேரமில்லை. சிமெண்டுக் கையோடு தாலி கட்டினேன்.

வருடம் இருபது ஆகிறது. போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு வணிக வளாகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே வேறொரு இன்ஜினியர் வரைபடத்தை நீட்டினார். அதே கோடு, அதே மாடிப்படி, உள்ளே திறக்கும் அதே கதவு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், நீங்க ஒரு சேலயக் கட்டிக்கிட்டு இதுக்குள்ள போயிட்டு வாங்க. பொறவு நான் கட்டுதேன்" என்றேன். வேறு கொத்தனாரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பார்த்துக்கொள்ளட்டும்.

சொந்த வீட்டில் கழிவறையை எட்டுக்கு எட்டு வைத்தேன். கதவு வெளியே திறக்கும், கொக்கி மட்டும் ஆறு. அதனால் படுக்கையறை சிறுத்துவிட்டது. பீரோவைத் திறக்க "செத்த ஓரமா நில்லுங்க" என்று நான் சொன்னால் போதும், செல்வியும் இரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் கேட்கிறார்கள்:

"ஓரம் எங்க இருக்கு?"