சொல் பிறந்த ஷட்டர்

எந்தச் சொல்லையும் அதன் பொருள் ஆராயாமல் பயன்படுத்தக் கூடாது என்பது பாசன நிர்வாகத்தின் உயரிய கொள்கை. அப்படி ஒரு கொள்கை இருப்பது அன்னத்தாய்க்குத் தெரியாமல் போய்விட்டது.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கிளை வாய்க்கால் ஓரமாக அன்னத்தாய்க்கு ஒரே ஒரு வயல். மலையிலிருந்து லோயர் கேம்பில் இறங்குகிற தண்ணீர் இத்தனை தூரம் ஒழுங்காகத்தான் வந்தது. வயலுக்குத் திரும்புகிற இடத்தில் மதகு ஷட்டர் துருப்பிடித்து, மூடியபடியே இறுகிக்கொண்டது. நாற்றங்கால் காயத் தொடங்கியதும் பாசன அலுவலகத்துக்கு ஓடினாள். உதவிப் பொறியாளர் ஞானசிகாமணி அவளுடைய மனுவை அன்போடு வாங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா."

"எதை, சார்? நாத்தையா, ஷட்டரையா?"

"பொதுவா."

அன்னத்தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம். அதே மேசை முன்னால் எனக்கும் வந்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள்: அட்ஜஸ்ட் பண்ணுவது என்றால் என்ன செய்ய வேண்டும்?

அலுவலகம் கலங்கிப்போனது. ஷட்டரைச் சரிசெய்யச் சொன்னால் கிடப்பில் போடலாம். கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமே! உடனே 'மேற்படி வினைச்சொல்லின் வரலாற்று வழக்குகளை ஆராயும் உயர்நிலைக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், முனைவர் ஜெபஷீலா.

குழு கடுமையாக உழைத்தது. துரைமார் காலத்தில் அட்ஜஸ்ட் பண்ணுவது என்றால் திருகைச் சுற்றித் தண்ணீரின் அளவைச் சரிசெய்வது. இந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது. பிறகு, பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் உட்காருவது. அதன் பின், கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் பவுனைக் கூட்டுவது. அப்புறம் அலுவலகத்தில் மேசைக்கு அடியில் கைகள் சந்திப்பது. தற்காலத்தில், அதிகாரி சும்மா இருக்க, மனுதாரர் செய்யவேண்டிய அனைத்தும்.

கள ஆய்வுக்கு வந்த ஜெபஷீலா ஷட்டரைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டார்.

"அம்மா, இந்தப் பள்ளத்தாக்குல அந்தச் சொல் முதன்முதலாப் புழங்கினது இங்கனதான்!"

"சந்தோசம் தாயி. அப்படியே கொஞ்சம் திருகி விட்டுருங்க."

"ஐயோ, தொடவே கூடாது! ஆதாரம் அழிஞ்சிரும்."

மறுவாரம் ஷட்டரைச் சுற்றி வேலி வந்தது. 'சொல்மரபுச் சின்னம். திருகுவோர் தண்டிக்கப்படுவர்' என்று பலகையும் வந்தது. நாற்று முழுக்கக் கருகியது. அன்னத்தாய் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குள் யாரோ ஒரு பெண் அந்த வேலிக்கு முன்னால் ஆடி இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டாள். தேக்கடிக்குப் போகிற கார்கள் எல்லாம் எங்கள் ஊருக்குத் திரும்பின. புதுப்பெண்கள் இந்த ஷட்டரைத் தரிசித்தால் மாமியாரோடு ஒத்துப்போகும் என்று ஒருவர் கிளப்பிவிட, கூட்டம் தாங்கவில்லை. கம்பத்தில் 'அட்ஜஸ்ட்' பனியன் இல்லாத கடை கிடையாது. ஞானசிகாமணியே ஒன்று போட்டிருந்தார்.

ஆனாலும் அவருக்கும் மனசாட்சி உண்டு. அன்னத்தாயின் கண்ணீர் அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மேலிடத்தில் போராடி, தடையை நீக்கி, புது ஷட்டரும் வெல்டிங் ஆளுமாக ஒருநாள் வந்து இறங்கினார்.

"அன்னத்தாயம்மா! ஜெயிச்சிட்டீக! இன்னைக்கே வயலுக்குத் தண்ணி விட்டுருவோம்!"

புதிதாகத் திறந்த என் திராட்சை ஜூஸ் கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் ஓடினேன். பனியன் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஊரே கைகோத்து வேலியைச் சுற்றி நின்றது. எல்லோருக்கும் முன்னால், கழுத்தில் விசிலும் கையில் சிவப்புக் கொடியுமாக அன்னத்தாய் நின்றாள். அவளுக்குப் பின்னால் வயல் முழுக்க வெயிலில் கண்ணாடிகள் மின்னின.

"சார், கும்பிட்டுக் கேக்கேன், தண்ணிய விட்டுறாதீக! இத்தன காரும் எங்கன நிக்கும்?"